விளைநிலம் மனையாகிறது, காடு தோட்டமாகிறது: ஒரு மண்டலத்துக்கு இது வளர்ச்சிதானா என்று எதை வைத்துச் சொல்வது?

திட்டமாணவி

வணக்கம் நண்பர்களே. மண்டலத் திட்டமிடல் படிக்கிறேன். நிலப்பயன்பாட்டு மாற்றமும் நீடித்த மண்டல வளர்ச்சியும் என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. பாதிக் கட்டுரைகள் "விளைநிலம் குறைந்தது, கட்டடம் பெருகியது, ஆகவே கெடுதல்" என்கின்றன. மீதிப் பாதி "வேலை கூடியது, வருமானம் கூடியது, ஆகவே நல்லது" என்கின்றன. பல நேரங்களில் இரண்டுமே ஒரே மாதிரியான மாற்றத்தைத்தான் பேசுகின்றன.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.3.1 என்று ஒரு குறியீடு உண்டு. நகர நிலம் விரியும் வேகத்தை மக்கள்தொகை பெருகும் வேகத்தால் வகுக்க வேண்டும். விடை ஒன்றைத் தாண்டினால், மக்கள் பெருகுவதைவிட வேகமாக நகரம் பரவுகிறது என்று பொருள். கணக்கிடுவது சுலபம், தரவும் கிடைக்கிறது. இதை மட்டும் வைத்து ஒரு மண்டலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

ஊற்றுக்கண்

முடியாதும்மா. எவ்வளவு நிலம் போனது என்று அந்த எண் சொல்லும். எந்த நிலம் போனது என்று சொல்லாது. மழைநீர் இறங்குகிற மணற்பாங்கான மேட்டில் 100 ஹெக்டேரை மூடுவதும், கீழே இறுகிய களிமண்ணில் 100 ஹெக்டேரை மூடுவதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். நீர்க்கணக்கில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நீரியலில் பொதுவாகச் சொல்லும் மதிப்புகளைத் தருகிறேன். இடத்தையும் மண்ணையும் பொறுத்து இவை மாறும். இயற்கையான தரையில் பெய்யும் மழையில் சுமார் 10% மேலே ஓடும், பாதியளவு மண்ணுக்குள் இறங்கும், மீதி ஆவியாகவும் செடிகள் வழியாகவும் காற்றுக்குப் போகும். அதே தரையில் முக்கால் பங்குக்கு மேல் தாரும் கான்கிரீட்டும் மூடிவிட்டால் ஓடுவது 55% ஆகிறது, இறங்குவது 15% ஆகச் சுருங்குகிறது. மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் கிணறு வற்றுவது என்று இரண்டு துறைகள் இரண்டு கோப்புகளாக வைத்திருக்கும் விஷயம் உண்மையில் ஒரே மாற்றத்தின் இரண்டு முனைகள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது காலதாமதம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியைப் பாருங்கள். அங்கே கடற்காற்றும் மழையும் கொண்டுவந்த உப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணின் ஆழத்தில் தேங்கிக் கிடந்தது. மேலே இருந்த ஆழவேர் மரங்களும் புதர்களும் பெய்யும் மழையில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டதால் நிலத்தடி நீர் மேலே வரவில்லை, உப்பும் கீழேயே இருந்தது. அவற்றை வெட்டிக் கோதுமை போட்டார்கள். கோதுமைக்கு வேர் ஆழமில்லை, ஆண்டு முழுக்க வயலில் இருப்பதுமில்லை. மிச்சத் தண்ணீர் கீழே இறங்கியது, நீர்மட்டம் மெல்ல ஏறியது, உப்பையும் கூடவே தூக்கி வந்தது. இன்று 10 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் உவர்நிலம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதைக் கண்டுபிடித்தது விவசாயத் துறை அல்ல. நீராவி எஞ்சின்களின் கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் தேடிக்கொண்டிருந்த வுட் என்ற ரயில்வே பொறியாளர், மரம் வெட்டப்பட்ட இடங்களில் ஓடைநீர் உப்பாவதைக் கவனித்து 1924-இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார். அதற்குப் பிறகும், ஆண்டுக்கு 10 லட்சம் ஏக்கர் புது நிலம் என்று மாநிலமே முழக்கம் வைத்துக் காட்டை அழித்தது. முதல் சில பத்தாண்டு விளைச்சலை மட்டும் பார்த்தால் அது பிரமாதமான மண்டல வளர்ச்சி. அந்த ஆண்டுகளில் உங்கள் குறியீட்டைப் போட்டிருந்தால் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

கணக்குப்பிள்ளை

வழக்கம்போல ஊற்றுக்கண் ஐயா ஒரு சோகக்கதையோடு தொடங்கிவிட்டார் 🙂

எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே. நிலப்பயன்பாடு மாறாமல் எந்த மண்டலமும் வளர்ந்ததில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தொழிற்சாலை, ரயில்பாதை எல்லாமே ஒருகாலத்தில் வயலாகவோ காடாகவோ இருந்த இடத்தில்தான் நிற்கின்றன. "மாற்றம் என்றால் இழப்பு" என்று தொடங்கினால் ஆய்வின் முடிவு முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டுவிடும்.

விளைநிலம் குறைந்தால் உணவு குறையும் என்பதும் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. 1961-இலிருந்து உலகின் தானிய உற்பத்தி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. தானியம் விளையும் பரப்பு அதில் சிறு பங்குதான் கூடியது. ஒரு ஹெக்டேரில் அதிகம் விளைந்ததால் எவ்வளவோ காடு தப்பியது. அதேபோல, நெருக்கமான நகரத்தில் வாழ்பவருக்குத் தலைக்குத் தேவைப்படும் நிலமும் குழாயும் சாலையும், சிதறி வாழ்பவருக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு. ஆக, நன்றாகக் கட்டிய நகரம் நிலத்தை மிச்சப்படுத்துகிறது.

கெட்ட நிலத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் ஆறு நூறாண்டுக்கு மேல் திறந்த சாக்கடையாக ஓடியது. நிலக்கரிச் சுரங்கங்களால் தரை அமிழ்ந்துகொண்டே இருந்ததால் சாக்கடைக் குழாய்களை அடியில் புதைக்க முடியாது, அதனால் ஆற்றையே வாய்க்காலாக்கினார்கள். சுரங்கங்கள் மூடிய பிறகு 1992-இல் வேலையைத் தொடங்கி 2021 முடிவில் ஆற்றில் கழிவுநீர் விடுவதை அடியோடு நிறுத்தினார்கள்.

ஊற்றுக்கண்

> கெட்ட நிலத்தைத் திரும்பப் பெறவும் முடியும்

முடியும். எவ்வளவு செலவில் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எம்ஷருக்குச் சுமார் 550 கோடி யூரோ, ஏறக்குறைய 30 ஆண்டு. அதைக் கொடுக்க ஜெர்மனியால் முடிந்தது. நிலக்கரி தோண்டிய காலத்து லாபக்கணக்கில் இந்தத் தொகை எங்காவது எழுதப்பட்டதா?

எல்லாவற்றையும் திரும்பப் பெறவும் முடியாது. மத்திய ஆசியாவின் ஏரல் கடல் 1960-இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், உலகின் நான்காவது பெரிய ஏரி. ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பினார்கள். 2007 வாக்கில் மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. பருத்தி நன்றாகத்தான் விளைந்தது! மொய்னாக் துறைமுகத்தில் படகுகள் மணலில் நின்றன. காய்ந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி கிளம்பி, பருத்தி விளைந்த அதே வட்டாரத்து மக்களின் நுரையீரலுக்குப் போனது. 2005-இல் கசாக்ஸ்தான் கோக்-அரால் அணையைக் கட்டியதால் வடக்குத் துண்டு மட்டும் ஓரளவு மீண்டு, மீன்பிடிப்பும் திரும்பியது. தெற்கே இருந்த பெரும்பகுதி போனது போனதுதான்.

ஏர்க்கால்

நான் படித்தவன் இல்லை, நிலம் வைத்திருப்பவன். இந்தத் திரியை முழுக்க வாசித்தேன். ஒரு கேள்வி.

என் நிலம் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறீர்கள். மழைநீர் இறங்குவது என் வயலில், பறவை தங்குவது என் வரப்பு மரத்தில், வெள்ளம் வந்தால் முதலில் தேங்குவதும் என் நிலத்தில். இதற்கெல்லாம் எனக்கு யார், என்ன கொடுக்கிறார்கள்? விளைச்சலுக்குக் கிடைக்கும் விலை மட்டும்தான் என் கைக்கு வருகிறது. அதையும் நான் நிர்ணயிப்பதில்லை. மனைபோட்டு விற்றால் ஒரே நாளில் கிடைப்பது, பயிர்செய்தால் என் ஆயுளுக்கும் கிடைக்காது.

பிள்ளைகள் விவசாயத்துக்கு வர மாட்டார்கள். நிலம்தான் எனக்கு ஓய்வூதியம், காப்பீடு, வைத்தியச் செலவு எல்லாம். அப்புறம் ஒருநாள் யாரோ வரைபடத்தில் என் நிலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து "இங்கே கட்டடம் கூடாது" என்பார்கள். பக்கத்து நிலத்துக்கு மஞ்சள் வண்ணம். அவர் கோடீஸ்வரர், நான் இயற்கைக் காவலன். நல்ல நியாயம்!

விற்பவனை வில்லனாக்காமல் பேச முடிந்தால் பேசுங்கள்.

எல்லைக்கல்

ஏர்க்கால் ஐயா கேட்டதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான கேள்வி. மாற்றத்தின் லாபம் நிலத்தின் எல்லைக்குள் விழுகிறது, நட்டம் எல்லையைத் தாண்டி விழுகிறது. மாற்றாமல் வைத்திருப்பதில் இதே கதை தலைகீழாக நடக்கும்: நன்மை ஊருக்கு, செலவு நிலக்காரருக்கு. இந்த ஓட்டையை அடைக்காமல் எத்தனை வரைபடம் போட்டாலும் நிலம் மாறத்தான் செய்யும்.

அடைக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி நூறு மைலுக்கும் அதிகமான தொலைவு வரை பரந்திருக்கும் கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. 1989-இல் வந்த விதிப்படி, நீர் வரும் இடத்தையே காத்து விலக்குப் பெறாவிட்டால், அந்த நீரை வடிகட்டி ஆலையில் சுத்திகரித்தாக வேண்டும். ஆலை கட்ட 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள், நடத்தும் செலவு தனி. அதற்குப் பதிலாக மலையில் நிலம் எப்படிப் பயன்படுகிறது என்பதில் பணத்தைப் போடலாம் என்று முடிவெடுத்து 1997-இல் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் கட்டச் செலவு சுமார் 150 கோடி டாலர். பண்ணைகளில் சாண எரு ஓடையில் கலக்காமலிருக்க ஏற்பாடு, கழிவுத்தொட்டிகளைப் பழுதுபார்ப்பது, விற்க விரும்புபவர்களிடம் மட்டும் நிலம் வாங்குவது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள், ஐயா. கட்டாயக் கையகப்படுத்தல் கிடையாது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் அணைக்காக ஊர்களையே மூழ்கடித்த கசப்பு அவர்களுக்கு இருந்தது.

கோஸ்டாரிகா 1996-இல் கொண்டுவந்த வனச்சட்டம் இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை போட்டது. காட்டை வைத்திருப்பவர்களுக்கு, எரிபொருள் வரியிலிருந்து பணம் கொடுக்கவும் வழிசெய்தது. 1980-களில் நாட்டின் கால் பங்கு அளவுக்குச் சுருங்கிய காடு இப்போது பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனால் அத்தனையும் அந்தப் பணத்தால் வந்தது என்று எழுதிவிடாதீர்கள், திட்டமாணவி. மாட்டிறைச்சி ஏற்றுமதி விலை விழுந்ததாலும், மேய்ச்சல் நிலத்துக்குக் கொடுத்த மலிவுக்கடன் நின்றதாலும் காடு முன்பே திரும்பத் தொடங்கிவிட்டது.

ஏர்க்கால்

விற்க விரும்பினால் மட்டும் என்பது நல்லது. ஆனால் தண்ணீர் குடிக்கிற பணக்கார நகரம் ஒன்று இருந்ததால் அது நடந்தது. என் நிலத்துக்குக் கீழே அப்படி யாரும் இல்லையென்றால்?

உயரப்பார்வை

செயற்கைக்கோள் படங்களோடு வேலை செய்பவன். பெரிய வாதத்துக்குள் போகவில்லை, தரவு பற்றி இரண்டு எச்சரிக்கை.

மேலிருந்து பார்த்தால் தரையில் என்ன மூடியிருக்கிறது என்றுதான் தெரியும். அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியாது. ரப்பர் தோட்டமும் காடும் படத்தில் ஏறக்குறைய ஒரே பச்சை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறையில் ரப்பர் தோட்டம் காட்டுக்கணக்கில் சேரும், எண்ணெய்ப்பனை சேராது. ஆகவே "காடு கூடியது" என்று எங்காவது வாசித்தால் எந்த வரையறையில் என்று முதலில் பாருங்கள். மேய்ச்சல் நிலம் இன்னும் மோசம். ஆண்டில் சில மாதம் மந்தை வரும் புல்வெளியைப் பல வரைபடங்கள் "தரிசு" என்று குறித்துவிடும். தரிசு என்று குறித்த நாளிலிருந்து அது எல்லோருக்கும் இலவச நிலம்!

அடுத்தது, ஆய்வு எல்லை. வியட்நாமில் 1990-களிலிருந்து காடு திரும்ப வளர்ந்தது. நல்ல கதை. ஆனால் மரத்தேவை குறையவில்லை. மரம் அண்டை நாடுகளிலிருந்தும் வந்தது, அதில் சட்டத்துக்குப் புறம்பான மரமும் உண்டு. 1987 முதல் 2006 வரையான காலத்தை ஆராய்ந்தவர்கள், உள்ளே வளர்ந்ததில் சுமார் 39% அளவுக்கு வெட்டு வெளிநாட்டுக்கு இடம் மாறியது என்று கணக்கிட்டார்கள். ஐரோப்பாவின் உயிரி எரிபொருளும் இதே ரகம். தங்கள் வயலில் எண்ணெய்வித்தை எரிபொருளுக்குத் திருப்பினால், அந்த உணவு எண்ணெய்க்காக வேறு எங்கோ காடு அழிகிறது. இந்தச் சிக்கலுக்காகவே 2015-இல், உணவுப் பயிரிலிருந்து வரும் எரிபொருளுக்குப் போக்குவரத்து ஆற்றலில் 7% என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு மண்டலத்தின் வரைபடம் பச்சையானதை மட்டும் பார்த்து நீடித்த வளர்ச்சி என்று எழுதினால், தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டில் கொட்டியவருக்குத் தூய்மை விருது கொடுத்ததாகிவிடும்.

கணக்குப்பிள்ளை

உயரப்பார்வை சொன்ன இடமாற்றம் நகரத்திலும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973-இல் நிலப்பயன்பாட்டுச் சட்டம் போட்டது. அதன்படி போர்ட்லாந்து நகரம் 1979-இல் தன்னைச் சுற்றி வளர்ச்சி எல்லை வரைந்தது. எல்லைக்கு வெளியே பண்ணையும் காடும், உள்ளே 20 ஆண்டுக்குத் தேவையான கட்டட நிலம். பண்ணைகள் நன்றாகவே காப்பாற்றப்பட்டன. ஆனால் வளர்ச்சியில் ஒரு பங்கு ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் மாநிலப் பக்கம் குதித்தது. வீட்டு விலை ஏறியதில் எல்லைக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. உள்ளே அடர்த்தியாகக் கட்ட அனுமதிக்காமல் வெளியே மட்டும் வேலி போட்டால் வாடகைக்கு இருப்பவர்தான் அந்தப் பச்சைக்கு விலை கொடுக்கிறார்.

ஏர்க்கால் ஐயாவின் கோபம் அங்கேயும் வெடித்தது. விதியால் நிலமதிப்பு குறைந்தால் இழப்பீடு கொடு, இல்லையென்றால் விதியைத் தளர்த்து என்று 2004-இல் வாக்கெடுப்பில் மக்கள் தீர்மானித்தார்கள். விண்ணப்பங்கள் குவிந்தன. பெரிய மனைத்திட்டங்களும் வரிசையில் நின்றதைப் பார்த்து 2007-இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதே மக்கள் அதைப் பெருமளவு சுருக்கினார்கள்.

எனக்கு இதில் தெரிவது ஒன்று: மஞ்சள் வண்ணம் கிடைத்தவரின் லாபத்தில் ஒரு பங்கை எடுத்துப் பச்சை வண்ணம் விழுந்தவருக்குக் கொடுக்காத திட்டம் அரசியலில் நிற்காது. வயல் மனையாகும்போது மதிப்பு ஏறுகிறதே, அந்த ஏற்றம் நிலக்காரரின் உழைப்பால் வந்ததில்லை. அனுமதி ஆணையும் பொதுப்பணத்தில் போட்ட சாலையும் கொண்டுவந்தது. அதில் பொதுவுக்குப் பங்கு கேட்பது நியாயம்தான்.

ஏர்க்கால்

பங்கு கேட்பது சரி. அந்தப் பங்கு அதிகாரி கையோடு நின்றுவிடாமல் எனக்கு வந்து சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எல்லைக்கல்

பணமாக இல்லாமல் நிலமாகவே பங்கு போடும் முறை ஒன்று இருக்கிறது, ஐயா. நிலச் சீரமைப்பு என்பார்கள். பிராங்க்ஃபர்ட்டில் 1902-இல் இதற்குச் சட்டம் வந்தது, ஜப்பான் அதைப் பெரிய அளவில் செய்தது. அங்கே நகரப்பரப்பில் சுமார் 30% இந்த வழியில் உருவானது என்கிறார்கள். ஒரு பகுதியின் நிலக்காரர்கள் எல்லோரும் நிலத்தை ஒன்றாகச் சேர்ப்பார்கள். சாலை, பூங்கா, வடிகால் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி, செலவை ஈடுகட்ட விற்கக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை அவரவர் பங்குக்குத் தக்கபடி திருப்பிக் கொடுப்பார்கள். பரப்பு குறையும், மதிப்பு ஏறும். பூங்காவுக்காக ஒருவர் மட்டும் முழு நிலத்தையும் இழக்க மாட்டார்.

நகரமாகப் போகும் இடத்துக்குத்தான் இது பொருந்தும். எப்போதும் வயலாகவே இருக்க வேண்டிய இடத்துக்கு இல்லை.

உள்ளாட்சிகளின் கவலையையும் விட்டுவிட வேண்டாம். பிரான்ஸ் 2021-இல் சட்டம் போட்டு, புதிதாகக் கட்டடத்துக்குப் போகும் நிலத்தைப் பத்தாண்டில் பாதியாக்கவும், 2050-இல் நிகரப் பூஜ்ஜியத்துக்கு (புதிதாக மூடும் அளவுக்கு வேறு நிலத்தை மீட்பது) கொண்டுவரவும் இலக்கு வைத்தது. பெரிய நகரங்கள் ஏற்கெனவே பரவி முடித்துவிட்டன, இப்போது எங்களை மட்டும் கட்டக் கூடாது என்கிறீர்களா என்று சிற்றூர் மேயர்கள் கொதித்தார்கள். 2023-இல் ஒவ்வோர் ஊருக்கும் குறைந்தது ஒரு ஹெக்டேர் என்று உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது.

திட்டமாணவி

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பதில் எதிர்பார்க்கவில்லை. இப்போது குழப்பம் வேறு வகையாகிவிட்டது 😀 நீர்வடிநிலம் (மழைநீர் ஓர் ஆற்றுக்கு வந்துசேரும் பரப்பு) ஓர் எல்லை, நிர்வாகம் ஓர் எல்லை, சந்தை இன்னோர் எல்லை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓர் ஆய்வேட்டில் எதைத்தான் எடுப்பது?

காடு வளர்த்தால், புல் வளர்த்தால் அது எப்படியும் நல்ல மாற்றம்தானே? அதையாவது சந்தேகமில்லாமல் எழுதலாமா?

ஊற்றுக்கண்

எழுத வேண்டாம். சீனாவின் லோயஸ் பீடபூமியைப் பாருங்கள். மஞ்சள் ஆறு முன்பு ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. அதில் பெரும்பகுதி இந்தப் பீடபூமியின் சரிவுகளை உழுததால் கரைந்த மண். படிவரப்புகள், சிற்றணைகள், பிறகு 1999 முதல் செங்குத்துச் சரிவில் உழுவதை நிறுத்தும் விவசாயிகளுக்குத் தானியமும் பணமும். வண்டல் 20 கோடி டன் அளவுக்கு இறங்கியது. உலகம் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, மரமும் செடியும் குடிக்கும் தண்ணீர் அந்தப் பகுதியின் நீர்வள வரம்பை நெருங்கிவிட்டது, இதற்கு மேல் நட்டால் மனிதருக்குத் தண்ணீர் குறையும் என்று காட்டியது. வறண்ட மண்டலத்தில் மரமும் ஒரு நீர்ப்பாசனப் பயிர் மாதிரிதான்.

எல்லை விஷயத்தில் என் கருத்து: வடிநிலத்தை அடிப்படையாக எடுங்கள், அதற்குள் உள்ளாட்சி எல்லைகளை மேலே பொருத்துங்கள். எந்த ஊரின் முடிவு எந்த ஊரின் கிணற்றைத் தொடுகிறது என்று அப்போதுதான் பெயர்சொல்லி எழுத முடியும். உங்கள் 11.3.1 விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாறிய நிலத்தை மண்வகை, சரிவு, நீரிறங்கும் திறன் என்று பிரித்த பிறகு போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

கூடவே ஒரு பத்தி: மாற்றத்தால் வருமானம் யாருக்குக் கூடியது, அவர் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறாரா? மொத்த உற்பத்தி ஏறி, லாபம் முழுக்க வெளியே போய், மாசு மட்டும் உள்ளே தங்கியிருந்தால் அதை மண்டல வளர்ச்சி என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஏர்க்கால்

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நிலக்காரர்களிடம் நேரில் போய்க் கேளும்மா. ஏன் விற்றாய், விற்காதவர் ஏன் விற்கவில்லை என்று. விற்காதவரிடம் கட்டாயம் கேள்.

உயரப்பார்வை

போகும் முன் படங்களைச் சரிபார்த்துவிடுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972-இலிருந்து இருக்கிறது, 2008-இலிருந்து இலவசம். 1984-க்குப் பிந்தைய 30 மீட்டர் படங்கள் உங்களுக்குப் போதும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இன்னும் துல்லியம், ஆனால் 2015-க்கு முன் கிடையாது. எந்த ஆண்டுகளை ஒப்பிடப் போகிறீர்கள்?

திட்டமாணவி

1990, 2005, 2020 என்று நினைத்திருக்கிறேன். மூன்றிலும் மேகமில்லாத படம் கிடைத்த தேதியை எடுத்தால் போதுமா?

உயரப்பார்வை

போதாது. மூன்றும் ஒரே பருவமாக இருக்க வேண்டும். ஒன்று அறுவடைக்கு முன், ஒன்று அறுவடைக்குப் பின் என்றால் பாதி வயல் "தரிசாக மாறியது" என்று கணினி சொல்லும். மழை பொய்த்த ஆண்டையும் தவிருங்கள். 1990 மட்டும் என்று பிடிவாதமாக நிற்காமல், முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு தள்ளித் தேடினால் நல்ல படம் கிடைக்கும்.